கூப்பனும் குடியுரிமையும்: போர்க்கால நிருவாகமும் ஊவாத் தோட்ட மக்களும்

போர்களின் வரலாறு பெரும்பாலும் படைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்தத் தளபதி எந்த நகரைக் கைப்பற்றினான், எத்தனை கப்பல்கள் மூழ்கின, எந்த உடன்படிக்கை எங்கே ஒப்பமிடப்பட்டது என்பனவே நமது பாடநூல்களின் பக்கங்களை நிரப்புகின்றன. ஆயின் இரண்டாம் உலகப் போர் படைவீரரின் போராக மட்டும் அமையவில்லை. அரசானது குடிமக்களின் அடுப்பங்கரை வரை வந்து, உலையிலிடும் அரிசியை அளந்த போரும் அதுவே. ஒருவர் எதை உண்ணலாம், எவ்வளவு உண்ணலாம், எத்தொழிலை எப்போது நிறுத்தக்கூடாது என்பனவற்றையெல்லாம் பதிவேடுகளும் முத்திரைகளும் தீர்மானித்த காலம் அது.

இந்நிருவாக முறை பிரித்தானியாவில் வளர்ந்த விதம் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. அதே முறை பிரித்தானியாவின் குடியேற்ற நாடாக இருந்த இலங்கையில், அதிலும் பதுளையைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களில், என்ன உருவெடுத்தது என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. வாராவாரம் தலைகளை எண்ணி உணவளித்த ஓர் அரசு, எண்ணப்பட்ட அம்மக்களைத் தன் குடிகளாக ஏற்றுக்கொண்டதா என்ற வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பிரித்தானியாவின் நிலையைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமானது. 1939 செப்டெம்பர் 3ஆந் திகதி போர் தொடங்கியது. அம்மாதம் 29ஆந் திகதி நாடு முழுவதிலும் மக்கட் பதிவு நடைபெற்று, ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை வழங்கப்பட்டது. 1940 சனவரி 8ஆந் திகதி வெண்ணெய், சீனி, உப்பிட்ட பன்றியிறைச்சி ஆகியவற்றுக்குப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு ஏப்ரிலில் உணவு அமைச்சராகப் பொறுப்பேற்ற வூல்ற்றன் பிரபு, பங்கீட்டை ஒரு தண்டனையாகவன்றிப் பொதுக் கடமையாக மக்கள் ஏற்கும்படி செய்தார். கருவுற்ற தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் பாலும் பழச்சாறும் தனியே ஒதுக்கப்பட்டன. செல்வந்தன் வீட்டுப் பங்கீட்டுப் புத்தகத்திலும் சுரங்கத் தொழிலாளி வீட்டுப் புத்தகத்திலும் வெண்ணெயின் அளவு ஒன்றாகவே இருந்தது. அரசு எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்தபோது, "அரசு எல்லோருக்கும் கடமைப்பட்டது" என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. 1942 டிசெம்பரில் வெளியான பெவரிட்ஜ் அறிக்கையும், 1948 யூலை 5ஆந் திகதி தொடங்கிய தேசிய சுகாதார சேவையும் அவ்வெண்ணத்தின் விளைவுகளே எனலாம்.

அப்பங்கீட்டுப் புத்தகத்தில் ஒரு வரி நமக்கு நெருக்கமானது. 1940 யூலையில் தேயிலையும் பங்கீட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. ஆளொன்றுக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்சு தேயிலை என விதிக்கப்பட்டது. இலண்டன் தேயிலை ஏலம் நிறுத்தப்பட்டு, பிரித்தானிய உணவு அமைச்சே தேயிலையை மொத்தமாகக் கொள்வனவு செய்யத் தொடங்கியது. குண்டுவீச்சினின்றும் தப்பி நிலத்தடி நிலையங்களில் இரவைக் கழித்த இலண்டன் வாசிக்குக் கிடைத்த அவ்விரண்டு அவுன்சில் ஊவாவின் கொழுந்தும் கலந்திருந்தது. பசறை, நமுனுகுல, தெமோதர, ஹாலிஎல, அப்புத்தளை, மடுல்சீமை ஆகிய இடங்களின் மலைச்சரிவுகளில் பறிக்கப்பட்ட கொழுந்து, 1924இல் பதுளை வரை நீண்ட புகையிரதப் பாதையாற் கொழும்பை அடைந்து கப்பலேறியது. எனவே போர்க்கால பிரித்தானியாவின் அன்றாட வாழ்வும் ஊவாத் தோட்டங்களின் அன்றாட வாழ்வும் ஒரே நிருவாகச் சங்கிலியின் இரு முனைகளாயின. ஒரு முனையில் தேநீர் அளக்கப்பட்டது. மறு முனையில் அரிசி அளக்கப்பட்டது.

அரிசி அளக்கப்படுவது தோட்ட மக்களுக்குப் புதிதன்று என்பது இங்கு கவனிக்கத்தக்கது. போருக்கு முன்பே அவர்களின் அன்றாட வாழ்வு முழுவதும் நிருவாகத்துக்கு உட்பட்டிருந்தது. ஆனால் அந்நிருவாகம் அரசினதன்று, தோட்டத்துரையினது. விடியற்காலையில் தப்பு ஒலித்ததும் பிரட்டுக்களத்திற் கூடுதல், செக்றோலிற் பெயர் பதியப்படுதல், கங்காணியின் மேற்பார்வையில் மலையேறுதல், தோட்டக் களஞ்சியத்தில் அரிசி பெறுதல், அதன் விலை சம்பளத்திற் கழிக்கப்படுதல் என்றவாறு நாட்கள் கழிந்தன. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின் கீழ் முதலில் விதிக்கப்பட்ட வீதங்கள் இதனை நன்கு விளக்குவன. மலைநாட்டில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. அதனோடு அரிசியின் விலையும் புசலொன்றுக்கு 6 ரூபா 40 சதத்துக்கு மேற்படலாகாது என வரையறுக்கப்பட்டது. சம்பளமும் அரிசியும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கவியலாதனவாய் இருந்தமையை இதனால் அறியலாம். பதுளைக் கச்சேரியில் அரசாங்க அதிபர் இருந்தார். ஆயின் லயத்தில் வாழ்ந்தவருக்கு அரசு என்பது பெரிய துரையின் பங்களாவோடு முடிந்துவிட்டது.

போர் தொடங்குவதற்கு ஒரு மாதத்துக்கு முன், 1939 ஆகத்து 1ஆந் திகதி, இந்திய அரசாங்கம் இலங்கைக்குத் தொழிலாளர் செல்வதைத் தடைசெய்தது. அரச திணைக்களங்களில் நாட்கூலி பெற்ற இந்தியரை இலங்கை அரசாங்கம் வேலைநீக்கம் செய்தமைக்கு மறுமொழியாக இத்தடை வந்தது. அதன் முழுப் பாரத்தையும் சுமந்தவர் தோட்டத் தொழிலாளரே. ஊருக்குச் சென்று பெற்றோரைக் கண்டு திரும்பும் பழக்கம் திடீரெனத் தடைப்பட்டது. சென்றால் திரும்பி வர முடியுமோ என்ற அச்சம் குடும்பங்களைப் பற்றிக்கொண்டது. அதே யூலையில் உருவான இலங்கை இந்தியன் காங்கிரசு இச்சூழலிலேயே தன் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கியது.

அடுத்த ஆண்டு ஊவாவிற் பெருங்கொந்தளிப்பு ஏற்பட்டது. 1940 சனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். மே மாதத்தில் பதுளைக்கு அண்மையிலுள்ள வெவஸ்ஸ தோட்டத்திற் லங்கா சமசமாசக் கட்சியினரின் வழிகாட்டலில் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டு, தாமே தெரிவுசெய்த சபையொன்றையும் நிறுவினர். தோட்ட நிருவாகத்தில் அச்சபையுடன் கலந்துபேசத் துரை உடன்பட நேர்ந்தது. பொலிசாரின் கடும் நடவடிக்கைகளும் ஊவாவை ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அவ்வெழுச்சியை ஒடுக்கின. யூன் மாதத்தில் என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன முதலிய தலைவர்கள் சிறையிலிடப்பட்டனர். போர்க்காலத்தின் முதலாண்டிலேயே ஊவாத் தொழிலாளி, தன் அன்றாட வாழ்வைத் தான் சார்ந்த ஒரு சபை நிருவகிக்க வேண்டுமெனக் கோரினான் என்பது மறக்கத்தக்கதன்று. அக்கோரிக்கைக்குச் செவிசாய்க்காத அரசு, இரண்டாண்டுகளின் பின் அவன் உணவை நிருவகிக்க முன்வந்தது.

அதற்குக் காரணம் 1942ஆம் ஆண்டின் நெருக்கடியே. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் இரங்கூனும் யப்பானியர் வசமாயிற்று. அக்காலத்தில் இலங்கை தனக்கு வேண்டிய அரிசியில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கை வெளிநாடுகளிலிருந்தே பெற்றது; அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. அவ்வாயில் ஒரே மாதத்தில் அடைபட்டது. மார்ச்சிலேயே அட்மிரல் லேற்றன் இலங்கையின் பிரதம சேனாதிபதியாக நியமிக்கப்பட்டார்; தேசாதிபதி சேர் அன்ட்ரூ கல்டிகொட் பதவியிலிருந்தபோதும், படைத்துறையோடு குடியியல் நிருவாகமும் லேற்றனின் ஆணைக்கு உட்பட்டது. ஏப்ரில் 5ஆந் திகதி கொழும்பின் மீதும், 9ஆந் திகதி திருகோணமலை மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கொழும்பு மக்கள் பலர் ஊர்களை நோக்கியும் மலைகளை நோக்கியும் ஓடினர்.

குண்டு விழாத ஊவாவும் போரின் சாயலைக் கண்டது. போவர் போர்க் கைதிகளுக்கென 1900இல் முகாம் அமைந்த தியத்தலாவையில், இப்போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர் தடுத்து வைக்கப்பட்டனர். ஜெர்மன் நாட்டிற் பிறந்து பௌத்த துறவியாகிய ஞானதிலோக்க தேரரும் அவர்களுள் ஒருவர். கல்கிசையில் தன் கட்டடங்களைப் படையினருக்குக் கொடுக்க நேர்ந்த புனித தோமையார் கல்லூரி, 1942இல் வெலிமடைக்கு அண்மையிலுள்ள குருத்தலாவையில் ஒரு கிளையை ஆரம்பித்தது. எனினும் தோட்டத்து லயங்களுக்குப் போர் வந்து சேர்ந்த வடிவம் வேறு. அது பசியாகவும் கூப்பனாகவும் வந்தது.

1942இல் அரிசிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. குடியியற் பாதுகாப்பு ஆணையாளராக இருந்த ஒலிவர் குணதிலக்க உணவு நிருவாகத்திலும் முதன்மைப் பங்கு வகித்தார். உள்நாட்டு நெல்லை அரசே கட்டாயமாகக் கொள்வனவு செய்யும் திட்டம் தொடங்கியது. உணவுப் பயிர்ச் செய்கை எங்கும் வற்புறுத்தப்பட்டது. தோட்டங்களும் அதற்கு விலக்காகவில்லை. அரிசி போதாத இடத்தைக் கோதுமை மா நிரப்பியது. அதுவரை சோற்றையே உணவெனக் கொண்ட தோட்டக் குடும்பங்களில் கோதுமை மா ரொட்டி நாளாந்த உணவாக வேரூன்றியமைக்குப் போர்க்காலமே பெருங்காரணம். இன்றும் அதிகாலையில் மலைக்குப் புறப்படும் தாய் துணியிற் சுற்றி எடுத்துச் செல்லும் ரொட்டியில் 1942ஆம் ஆண்டின் தடயம் உண்டு.

இந்நிருவாகத்தின் நன்மையை மறுத்தல் நேர்மையாகாது. பர்மிய அரிசியை இழந்த இன்னொரு நிலப்பகுதி வங்காளம். அங்கே 1943இல் ஏற்பட்ட பஞ்சத்தில் மாண்டோர் தொகை 15 இலட்சம் முதல் 30 இலட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகின்றது. கிராமத்து ஏழைகளுக்கு உணவு சேரும் ஒழுங்கு அங்கு உரிய காலத்திற் செய்யப்படவில்லை. இலங்கையிலோ நகரம், கிராமம், தோட்டம் என்ற வேறுபாடின்றிப் பங்கீடு எட்டியது. சொந்தமாக ஒரு துண்டு வயலும் இல்லாத தோட்ட மக்களை அது பெரும் பஞ்சத்திலிருந்து காத்தது. தேயிலையும் றப்பரும் போருக்கு இன்றியமையாதனவாக இருந்தமையால், அவற்றை ஆக்கும் கைகள் சோர்ந்துவிடலாகாது என்ற கணக்கும் இதில் அடங்கியிருந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

ஆனால் பங்கீடு எட்டிய வழியிலேதான் வேறுபாடு பிறந்தது. கிராமத்தில் அரிசி கூட்டுறவுப் பண்டகசாலைகள் வழியே வந்தது. போர்க்காலத்தின் சில ஆண்டுகளுக்குள் அப்பண்டகசாலைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. 1943இற் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தோன்றியது. இன்று "சதொச" என நாம் வழங்கும் பெயரின் வேர் அதுவே. கிராமத்தவன் சங்கக்கடையில் வரிசையில் நின்றபோது அவன் வெறும் நுகர்வோனாக நிற்கவில்லை. அச்சங்கத்தின் அங்கத்தவனாகவும், அதன் கணக்கைக் கேட்கும் உரிமையுடையவனாகவும் நின்றான். தோட்டத்திலோ அரிசி பெரும்பாலும் பழைய வழியிலேயே சென்றது. அதே களஞ்சியம், அதே கிளாக்கர், அதே கணக்கு. அரசின் கூப்பன் வந்தபோதும் அதை வழங்கிய கை துரையின் கையாகவே இருந்தது. பிரித்தானியாவிற் பங்கீடு அரசையும் குடிமகனையும் நேர்முகமாக நிறுத்தியது. இலங்கைக் கிராமத்தில் ஓரளவுக்கேனும் அவ்வாறு செய்தது. தோட்டத்தில் அரசுக்கும் தொழிலாளிக்கும் இடையே துரை நின்றமையால், அரசு கொடுத்த உணவும் தோட்டம் கொடுத்த உணவாகவே தோன்றியது.

உழைப்பின் நிருவாகத்திலும் இவ்விரட்டைத் தன்மையைக் காணலாம். 1940இல் தோட்ட முதலாளிமார் தொழிற்சங்கங்களுக்கு ஓரளவு அங்கீகாரம் அளிக்கும் ஏழு அம்ச உடன்படிக்கையை ஏற்றனர். 1941இற் சம்பள சபைகள் சட்டம் நிறைவேறியது. விலைவாசி உயர்வை ஈடுசெய்யப் பஞ்சப்படி வழங்கப்பட்டது. அதனைக் கணிக்க, 1939 யூலை முதல் செப்டெம்பர் வரையான விலைகளை 100 எனக் கொண்டு தோட்டத் தொழிலாளர் வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஒன்றும் அமைக்கப்பட்டது. மறுபுறம், போருக்கு இன்றியமையாத தொழில்களில் வேலைநிறுத்தம் 1942இல் அவசரகால விதிகளின் கீழ்த் தடுக்கப்பட்டது. ஆக, தொழிலாளியின் வயிறு அறியப்பட்டது. அவன் வாங்கும் மிளகாய்க்கும் துணிக்கும் விலை அறியப்பட்டது. அவன் குரல் மாத்திரம் வேண்டப்படவில்லை.

இதனை வாக்காளர் பதிவு தெளிவாகக் காட்டுகின்றது. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, இந்திய வம்சாவளியினர்க்கு வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. போர்க்காலத்தில் அந்நிபந்தனைகள் மேலும் கண்டிப்பாகக் கையாளப்பட்டன. 1939இல் ஏறக்குறைய 2,25,000 ஆக இருந்த இந்திய வம்சாவளி வாக்காளர் தொகை 1943இல் ஏறக்குறைய 1,68,000 ஆகக் குறைந்தது. பங்கீட்டுப் பதிவேட்டிற் குழந்தை முதல் முதியோர் வரை ஒருவர் தப்பாமல் எழுதப்பட்ட அதே ஆண்டுகளிலேதான் வாக்காளர் இடாப்பிற் பெயர்கள் உதிர்ந்தன. ஒரே அரசின் இரு மேசைகளில் ஒரே மனிதன் இருவேறு விதமாக எழுதப்பட்டான்.

போர் முடிந்தபின் இம்முரண்பாடு சட்டமாயிற்று. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தோட்ட மக்களிற் பெரும்பாலோரைக் குடியுரிமையின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. பிரித்தானியாவின் பொதுப் பங்கீடு தேசிய சுகாதார சேவையாக மலர்ந்த ஆண்டும் அதுவே என்பதை வரலாற்று மாணவர் எவரும் கசப்பின்றி வாசிக்க முடியாது. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், மணமானவர்கள் 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முந்திய ஏழாண்டுகளும் மணமாகாதவர்கள் பத்தாண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை நிறுவ வேண்டுமென்றது. பன்னிரண்டு மாதங்களுக்கு மேற்பட்ட பிரிவு வதிவை முறித்துவிடும் எனவும் கூறியது.

அவ்வேழாண்டுகள் எவை எனச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1939 சனவரி முதல் 1945 டிசெம்பர் வரை. போர்க்காலம் முழுவதும் அதனுள் அடங்கும். பிரித்தானிய மக்களின் தேநீருக்காக மலையேறிய காலம். கடல் கடந்து ஊர் செல்ல முடியாதிருந்த காலம். வாரந்தோறும் பங்கீட்டில் எண்ணப்பட்ட காலம். அக்காலத்தில் தாம் இங்கே இருந்தோம் என்பதையே அம்மக்கள் பத்திரங்களைக் கொண்டு நிறுவ வேண்டியவர்களாயினர். தொடக்கத்தில் காங்கிரசு இச்சட்டத்தைப் புறக்கணித்ததாற் காலம் வீணானதும் உண்மை. இறுதியில் ஏறக்குறைய 8,25,000 பேர் சார்பில் விண்ணப்பங்கள் சேர்ந்தன. அவர்களுட் குடியுரிமை பெற்றவர்கள் ஏறக்குறைய 1,34,000 பேர் மாத்திரமே. எஞ்சியோரின் தலைவிதி 1964 ஒக்தோபர் 30ஆந் திகதி ஒப்பமிடப்பட்ட சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கையில் எண்களாகப் பிரிக்கப்பட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் தீர்மானிப்பதற்கு. மலைநாட்டு நிலையங்களிலிருந்து புறப்பட்ட "ஒப்பாரிக் கோச்சி"யின் அழுகை அவ்வெண்களின் பொருளை விளக்கியது.

போர்க்காலத்திற் பிறந்த பங்கீடு அமைதிக்காலத்திலும் நீடித்தது. அதிலும் தோட்ட மக்களின் நிலை தனியானது. கிராமத்தவனுக்குப் பங்கீடு குறைந்தால் ஒரு பலா மரமாவது, ஒரு கிழங்குப் பாத்தியாவது துணைநின்றது. லயத்தில் வாழ்ந்தவர்க்குக் கூப்பனைத் தவிர வேறு புகலில்லை. 1973–74 ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவு விலை உயர்ந்து பங்கீடு வெட்டப்பட்டபோது, தோட்டங்களில் மரண வீதம் வெகுவாக உயர்ந்தது. 1942இல் அம்மக்களைக் காத்த முறையே முப்பதாண்டுகளின் பின் அவர்களைக் கைவிட்டது. உணவு உரிமையாக அன்றி அளிப்பாகவே வழங்கப்பட்டிருந்தமையால், அது குறைக்கப்பட்டபோது அதைத் தட்டிக் கேட்கும் வாக்குரிமை அவர்களிற் பலரிடம் இருக்கவில்லை.

1979இல் உணவு முத்திரைகள் வந்ததும் கூப்பன் வழக்கொழிந்தது. ஆயின் தோட்டங்களில் அது நினைவிலிருந்து நீங்கவில்லை. எனது பாட்டியாரின் தகரப் பெட்டியில் ஒரு கிழிந்த கூப்பன் புத்தகமும் குடியுரிமைச் சான்றிதழும் ஒரே துணியிற் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. பயனற்றுப்போன புத்தகத்தை ஏன் வைத்திருக்கிறீர்கள் எனக் கேட்டேன். "எங்க பேரு எழுதுன எதையும் வீசக்கூடாது" என்றார். எத்தாள் எப்போது கேட்கப்படும் என்று அறியாத ஒரு சமுதாயத்தின் அனுபவம் முழுவதும் அச்சொற்களில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். போர்க்கால நிருவாகம் எங்கும் மக்களை எண்ணியது, அட்டை கொடுத்தது, அளந்து உணவளித்தது. அதனால் மட்டும் குடிமக்கள் உருவாகிவிடுவதில்லை. எண்ணப்பட்டவர்கள் தம்மை எண்ணிய அரசிடம் கணக்குக் கேட்கவும் இயலும்போதே பங்கீடு உரிமையாக மாறுகின்றது. பிரித்தானியத் தொழிலாளி 1945இல் வாக்களித்துக் கணக்குக் கேட்டான். ஊவாத் தொழிலாளி 1940இல் வெவஸ்ஸவிற் கேட்க முயன்றான். பின்னர் அவனிடமே கணக்குக் கேட்கப்பட்டது. நாடற்றோர் என எஞ்சியிருந்தவர்களுக்கு இறுதியாகக் குடியுரிமை வழங்கிய 35ஆம் இலக்கச் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1942இல் பங்கீட்டுப் பதிவேட்டிற் பெயர் எழுதப்பட்ட ஒரு குழந்தை, அச்சட்டம் வரும்போது அறுபது வயதைக் கடந்திருக்கும். நம் மலைகளின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர்கள் பெருந்தலைவர்களின் உரைகளோடு அக்குழந்தையின் கூப்பனையும் செக்றோலையும் சான்றாகக் கொள்வார்களாயின், இதுவரை எழுதப்படாத பல பக்கங்கள் நமக்குக் கிடைக்கும்.